பாதிக் கிண்ணம் சூப்பு

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு அருகே தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பூண்டைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் பொரிக்கிறார். பொன்னிறம் தாண்டிக் கருகத் தொடங்கும்போது வரும் வாசம் எனக்கு ஆகாது. நீங்கள் நம்பமாட்டீர்கள், வேர்த்துவிடும்.

அந்த வாசம் முதலில் மூக்கில் ஏறியது லாவோஸில். விசாவின்படி நான் சுற்றுலாப் பயணி. ஏஜெண்டு சொன்னதோ கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை. இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். மதிலுக்குள் தினம் பன்னிரண்டு மணி நேரம், ஓர் அழகியின் படத்தை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆண்களிடம் காதல் பேசிக் காசு கறக்க வேண்டும். பரளச்சியில் எதிர்வீட்டுப் பெண்ணிடம் மணி கேட்கக்கூடக் கூசியவன் நான்.

உடன் வந்தவன் நரிக்குடி செல்வம். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. நன்றாகக் கறப்பவர்களை ஞாயிறு மதியம் வாசலுக்கு எதிரே இருந்த சூப்புக் கடைக்கு அரை மணி நேரம் விடுவார்கள். காவலாளி கடைக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். செல்வம் நாலு ஞாயிறு போய்வந்ததில், கீரை இறக்க வரும் வேன்காரனுக்குத் தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஏற்பாடு செய்துவிட்டான். வேன் கடைச் சமையற்கட்டுக்குப் பின்னால் நிற்கும். தூதரகம் போய்ச் சேர்ந்தால் பாஸ்போர்ட் இல்லாமலும் ஊருக்கு அனுப்புவார்களாம்.

எனக்குக் காதல் பேச்சு கைவர ஐந்து வாரம் ஆயிற்று. அதுதான் கடைக்கு நான் போன முதல் ஞாயிறு; செல்வம் தப்பிக்கக் குறித்ததும் அன்றைக்கே.

"ஏலே, சூப்பத் தொடாத. காவக்காரென் ஒருக்கா எட்டிப் பாத்துட்டுத் திரும்புவான். உடனே எந்திரிச்சு என் பின்னாலயே வா."

"திங்காமயா?"

"கூமுட்ட, ஊர்ல போயித் தின்னு."

கடைக்காரம்மா அரிசிமாவைத் தேய்த்து, பென்சில் பருமனுக்கு அறுத்து, கொதிக்கும் கோழிச்சாற்றில் நேராக உதிர்த்தார். மாவு கரைந்து சாறு கஞ்சிப் பதத்துக்கு வந்தது. மேலே வெங்காயத்தாள், பொரித்த பூண்டு. ஐந்து வாரமாக ஆறிய பொட்டலச் சோறு தின்ற வாய். ஒரு மடக்கு பார்ப்போமே என்றுதான் எடுத்தேன். சாப்பிடக் கொடுத்த குச்சிகளைப் பிடிக்கத் தெரியாமல் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன்.

செல்வம் எழுந்தான். "எந்திரிடா."

பாதி மிச்சம் இருந்தது. மானாவாரிக் காட்டை நம்பிய வீடு எங்களுடையது. தட்டில் ஒரு பருக்கை கிடந்தாலும் அப்பா எழ விடமாட்டார். அன்றைக்கு வைத்துவிட்டு எழ வேண்டும் என்று தெரிந்தது. கை கேட்கவில்லை.

"இந்தா, வாரேன்" என்று அடிவரை குடித்தேன். கிண்ணத்தை இறக்கியபோது எதிரே அவன் தொடாத கிண்ணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பின்பக்கம் வேன் கிளம்பும் சத்தம். காவலாளி உள்ளே வந்தான். செல்வத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் சூப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். ஞாயிறுகள் இல்லை. ஒரு காலையில் போலீஸ் வந்து எங்களையெல்லாம் லாரியில் ஏற்றியபோதுதான் மறுபடி மதிலின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். செல்வத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஊர் வந்த மறுநாளே என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தவன் அவன்தான்.

போன வாரம் நான் உட்கார்ந்திருந்த திருச்சுழி பஸ்ஸில் ஏறினான்.

"நல்லா இருக்கீகளா? அம்மா சௌக்கியமா?" என்றான்.

"இருக்காகங்க."

என் பக்கத்தில் இடம் இருந்தது. நகர்ந்தும் உட்கார்ந்தேன். அவன் கம்பியைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு திருச்சுழிவரை நின்றே வந்தான்.