ஏழு அடுப்புப் புகை

நாகப்பட்டினத்தில் எனக்கு எட்டு வீடுகள் இருந்தன. ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணிக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் எட்டு வீடுகள்! குளுவாங் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்காய்க்காரர் விலையைக் குறைக்கவில்லை.

அந்த வீடுகளை வாங்கிய கதைக்கு முன்னால், நான் செய்த ஒரு திருட்டு வேலையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தோட்டம் குளுவாங்கிலிருந்து பாலோ ஊருக்குப் போகிற வழியில் இருந்தது. எங்கள் துரை, இருப்பதைவிட அதிகமான ஆட்கள் வேலை செய்வதாக மேலிடத்துக்கு எழுதிவிட்டார். அதை நேரில் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து மேல் துரை வருவதாகத் தந்தி வந்தது. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலோ ஒரு வரிசை முழுக்கக் காலி. துரை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். யோசனை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கொஞ்சம் பேரை ஒரு காலைப்பொழுதுக்கு இரவல் வாங்கினேன். காலி அறைகளில் அடுப்பு மூட்டி, ஈரத் தேங்காய் மட்டையைப் போட்டுப் புகைய விட்டேன். வாசலில் கயிறு கட்டி வேட்டி, சேலை, நடுவில் ஒரு குழந்தைச் சட்டை. மேல் துரை குடையை ஊன்றியபடி வந்தார், புகையைப் பார்த்தார், இருமினார், திருப்தியோடு ரயிலேறிப் போனார்.

அந்தச் சட்டை எங்கள் பெட்டியில் இருந்தது. அதைப் போட்டிருந்த பிள்ளை, அதற்கு முந்திய மழைக்காலத்தில் குளிர்காய்ச்சலில் போய்விட்டது. கேட்காமல் எடுத்ததற்கு என் மனைவி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. கதையைப் பிறருக்குச் சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடுவேன். கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

பிள்ளை போனபின் அவள் கேட்டது ஒன்றுதான். "ஊருக்குப் போயிடலாங்க." நாகப்பட்டினம் அவள் பிறந்த ஊர். "மாசாமாசம் வாடகை வர்ற மாதிரி அங்க ஒண்ணு பண்ணிட்டுப் போயிடுவோம்" என்றேன். அன்றிரவே காசுமாலையைக் கழற்றிக் கொடுத்தாள். அதுவரை நான் சொன்ன எதையும் அவள் அவ்வளவு வேகமாக நம்பியதில்லை.

லீவு வாங்கிக்கொண்டு கப்பலேறினோம். ஊரில் அவள் அண்ணன் ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்து மேல் துரையை ஏமாற்றிய கதையை அவிழ்த்துவிட்டேன். கடையே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ரயில் பட்டறை மேஸ்திரி ஒருவர்.

"ஈர மட்டையா? காஞ்ச விறகு போட்டா என்னங்க?" என்று கேட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"காஞ்சது எரிஞ்சு போயிடும் ஐயா. நமக்கு வேண்டியது பொகை."

"குழந்தைச் சட்டை யாரு யோசனை?"

"எல்லாம் அடியேன்தான்."

"பலே கிராணி ஐயா!" என்றார். எனக்குத் தலை கூரையில் இடித்தது.

நாலு நாள் கழித்து அதே மேஸ்திரி வந்தார். பட்டறைக்குப் பக்கத்தில் அவருக்கு எட்டு வீடு வரிசையாக இருக்கிறதாம். ஏழில் பட்டறை ஆட்கள் குடியிருக்கிறார்களாம். ஒன்று, வாங்குகிறவர் குடியிருப்பதற்காகவே காலியாம்.

"பட்டறையவே பொன்மலைக்குக் கொண்டு போறதாச் சொல்றாங்களே, மாப்ளே" என்று மச்சான் என் காதைக் கடித்தார்.

மேஸ்திரிக்கு அது கேட்டுவிட்டது. "அத்தனை இரும்பையும் தூக்கணும்னா அனுமாருதான் வரணும்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிக்க வைக்கிறவனை நான் நம்பிவிடுவேன். அந்தப் பழக்கத்தில்தான் என்னையே இத்தனை வருஷம் நம்பி வந்திருக்கிறேன்.

மறுநாள் காலை வீடுகளைப் பார்க்கப் போனோம். நான் குடையை ஊன்றிக்கொண்டு நடந்தேன். ஏழு கூரையிலும் புகை. ஏழு வாசலிலும் துணி. மூன்றாவது வீட்டுக் கயிற்றில் ஒரு குழந்தைச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. 'நல்ல குடித்தனக்காரர்கள்' என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மனைவி அந்தச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஏங்க, ஏழு வீட்லயும் பொகையுது. ஒரு வீட்லயாவது தாளிக்கிற வாசம் வருதா?" என்றாள்.

"வாசம் பாத்தா வீடு வாங்குவாங்க? லயத்தையே கட்டி மேய்க்கிறவன்கிட்ட சொல்றியா?"

அவள் மேலும் ஏதோ சொல்லியிருப்பாள். அதற்குள் மேஸ்திரி எட்டாவது வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டார். அந்த வீட்டின் கொல்லையில் ஒரு முருங்கை நின்றது. அம்மியை எங்கே போடலாம் என்று பார்க்கப் போய்விட்டாள்.

எட்டையும் என் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, லீவு முடிந்து தோட்டத்துக்குத் திரும்பிய எங்களை, வாடகைக்குப் பதிலாக மச்சானின் கடிதம் தேடி வந்தது. நாங்கள் கப்பலேறிய வாரம் வாடகை வாங்கப் போனால் ஏழு வீடும் காலியாம். அங்கே இருந்தவர்கள் யாரும் வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்கள் இல்லையாம். கூலி வாங்கிக்கொண்டு ஒரு காலைப்பொழுது குடியிருந்தவர்களாம். பட்டறை ஆட்களில் பாதிப் பேர் முன்பே பொன்மலைக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேரும் மூட்டை கட்டுகிறார்கள். அனுமார் வரவில்லை. ரயிலிலேயே ஏற்றிவிட்டார்கள்.

என் வித்தையை என்னிடமே விற்றுவிட்டான் மனுஷன். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். போலீசுக்குப் போனால் என்னவென்று சொல்வது? ஈர மட்டை யோசனை யாருடையது என்று கேட்டால்?

மனைவி திட்டவில்லை. "அந்த ஒரு வீடு இருக்கில்ல, போதும்" என்றாள். சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. லயங்கள் உண்மையாகவே காலியாயின. சம்பளம் பாதியானது, கிராணி வீட்டையும் பூட்டிவிட்டார்கள். நான் ஒரு காலத்தில் புகை போட்ட அதே வரிசையில், கோடி அறைக்கு எங்களைக் குடியேறச் சொன்னார்கள். மேல் துரை வந்திருந்தால், கடைசியில் உண்மையான ஒரு குடும்பத்தைப் பார்த்திருப்பார்.

அரிசிக்கே முட்டுப்பாடு வந்தபோது மச்சான் எழுதினார். ஓட்டுக்கும் கதவுக்குமாக வீடுகளை எடுத்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார், ஆனால் எட்டையும் சேர்த்துத்தான் வாங்குவாராம். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மனைவிக்கு எழுத்து தெரியாது. ஏழு போயிற்று என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு மச்சானின் கடிதங்களில் இல்லாத ஒரு வீட்டை நான் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். எட்டாம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. எட்டாம் வீட்டு முருங்கை பூத்திருக்கிறது. அவள் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்பாள். எனக்கும் வேலை சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் கயிற்றில் ஒரு துணி அதிகமாகக் கட்டுவது என் சுபாவம்.

"முருங்கை காய்ச்சிருக்காமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"கொத்துக் கொத்தா! பக்கத்து வீட்டுக்காரங்க பறிச்சிட்டுப் போயிடுறாங்களாம், உங்க அண்ணன் சண்டைக்கு நிக்கிறாராம்."

"எந்தப் பக்கத்து வீடு?" என்றாள். "ஏழுலயும் ஓட்டப் பிரிச்சிட்டாங்கன்னு போன மாசம்தானே படிச்சீங்க?"

எதைச் சொன்னாலும் சிரிக்க வைக்கத் தெரிந்தவன் நான். கையிலிருந்த கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பெட்டியைத் திறந்து, அந்தச் சட்டையைக் கொஞ்சம் நகர்த்தி, அதற்கடியில் சாவியை வைத்து மூடினாள். ஊருக்குப் போகலாம் என்று அதன் பிறகு அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

எழுந்து போய்க் குழம்பைத் தாளித்தாள். அந்த வரிசையில் எரிந்த அடுப்பு எங்களுடையது ஒன்றுதான். கடுகு வாசம் காலி அறைகள் பக்கமாகப் போனது. நான் வாசலில் உட்கார்ந்து இருமினேன்.