வலது மூலைக் கீறல்

போன கிழமை இந்த இணையக் குழுவில் யாரோ போட்ட பழைய ஆய்வுகூடப் படத்தின் கீழே என்னைப் பற்றி இரண்டு செய்திகள் எழுதப்பட்டிருந்தன. நான் அங்கே போத்தல் கழுவினேன் என்பது ஒன்று. பேராசிரியரிடம் கோள் சொல்லி, ராகவன் என்ற தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளரின் வேலையைக் கெடுத்தேன் என்பது மற்றது.

இரண்டும் பிழை. பதினொரு வருடம் அங்கே ஆராய்ச்சிக்கான மாதிரிகளைத் தயாரித்தவள் நான். போத்தல் கழுவ இயந்திரம் இருந்தது. கோளும் நான் சொல்லவில்லை. நான் செய்தது வேறு...

அந்த அறையில் எப்போதும் கரைப்பானின் இனிப்பு வாசம் இருக்கும். என் மேலங்கியில் ஒட்டிக்கொண்டு, ரயிலில் அம்மருட் புறநகரில் இருந்த என் வீடு வரை கூடவே வரும்.

வேலை இதுதான். விரல் அகலக் கண்ணாடித் துண்டில் பொலிமர் கரைசல் ஒரு துளி விட்டு வேகமாகச் சுழற்றினால், தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய படலம் படியும். அதன்மேல் உலோகப் பூச்சு. மின்சாரம் கொடுத்தால் அந்தப் படலம் தானே ஒளிரும்... பழுக்கத் தொடங்கிய எலுமிச்சங்காயின் நிறத்தில்.

முதல் துண்டு ஒளிர்ந்தபோது பின்னேரம் மூன்றரை மணி. வெளியே குளிர்நாட்டு டிசம்பர் இருட்டு.

"அக்கா, இந்த ஊர்ல சூரியன் வரலன்னா என்ன? நாமளே ஒண்ணு செஞ்சுக்கலாம்!" என்றார் ராகவன்.

"முதல்ல உது அரை மணித்தியாலம் நிண்டு எரியட்டும். பிறகு சூரியனைப் பற்றிக் கதைப்பம்."

எங்கள் கவலையே அதுதான். ஒளிரும், சீக்கிரம் செத்துவிடும். பல மாதம் செய்முறையைத் திருத்தி நேரத்தைக் கூட்டினோம். இன்னும் நீண்ட நேரம் ஒளிர ராகவன் தானே ஒரு புதுப் பொலிமர் செய்தார். விலைக்கு வாங்கிய பழையதோடு அதை ஒப்பிட வேண்டும். இரண்டு படலமும் கண்ணுக்கு ஒரே மாதிரி. ஆகவே நான் கண்ணாடியில் வைரமுனைப் பேனாவால் குறி போட்டேன். புதியதற்கு வலது மூலையில் கீறல், பழையதற்கு இடது மூலையில். குறிப்பேட்டிலும், பள்ளியில் கன்னியாஸ்திரிகள் பழக்கிய சாய்வெழுத்தில், அப்படியே எழுதினேன்.

வலது மூலைத் துண்டுகள் நாட்கணக்கில் ஒளிர்ந்தன. ராகவன் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். ஸ்தவாங்கர் நகரில் நடக்கவிருந்த ஆராய்ச்சிக் கூட்டத்தில் பேச அவர் பெயர் கொடுக்கப்பட்டது. அவருடைய வேலை ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது; இந்த முடிவை வைத்து நீட்டித் தருவதாகப் பேச்சு.

பிறகு ஒரு காலை, ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்... கீறல் மறு மூலையில் இருந்தது.

நான் கீறியது படலம் மேலே இருக்கும்போது. அளக்கும்போதோ, ஒளி கண்ணாடி வழியே வெளிவர, துண்டைக் கவிழ்த்து வைப்போம். கவிழ்த்தால் வலது இடதாகிவிடும். எந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. அன்று முழுவதும் திரும்ப அளந்தேன். நீண்ட நேரம் ஒளிர்ந்தது பழைய பொலிமர். ராகவனுடையது சில மணித்தியாலத்தில் செத்தது.

"ராகவன், இஞ்சை வாங்கோ. நான் பிழை விட்டிட்டன்."

அவர் குறிப்பேட்டை வாங்கி, பக்கத்தின் அடியில் விரல் வைத்தார். "விடுங்கக்கா. பக்கத்துக்கு அடியில என் கையெழுத்தும் இருக்குல்ல. நான் பாத்துக்கறேன்."

நேரே பேராசிரியரின் அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். குறி போட்டது தான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் வாய் திறந்தேன்... பேராசிரியர் என்னைப் பார்த்தார். என் வேலையில் ஒரு பிழையும் வராது என்று விருந்தாளிகளிடம் சொல்லிப் பெருமைப்படுகிறவர் அவர். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ராகவனின் ஒப்பந்தம் நீளவில்லை. பேராசிரியர் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தில் கவனம் போதாது என்று ஒரு வரி. ராகவனே எனக்குக் காட்டினார், சிரித்துக்கொண்டு.

வீட்டில் என் கணவர், "அந்தப் பெடியனே சொல்லிப்போட்டான். நீ ஏன் இனிக் கிளறுறாய்?" என்றார். அவர் இருந்தவரை அதையே சாட்டாக வைத்திருந்தேன். இப்போது அவரும் இல்லை.

அன்று அரை மணித்தியால வெளிச்சத்துக்குத் தவம் கிடந்தோம். இன்று ரயிலில் ஏறினால் எல்லோர் கையிலும் தொலைபேசித் திரையாக அந்த வகை ஒளி. எங்கள் பொலிமர் அல்ல அது, வேறு சேர்மங்கள். ஆனாலும் நெருங்கிய உறவு. ஒருவரும் அதை வியந்து பார்ப்பதில்லை. நான் மட்டும் பார்க்கிறேன்... எனக்கு ராகவனின் முகம்தான் நினைவில் வருகிறது.

ராகவன், நீங்கள் இந்தக் குழுவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு நினைவு தெளிவாகத்தான் இருக்கிறது. குறி போட்டவள் நான் என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பெயர் வருவதால் உங்களைக் கேளாமல் அனுப்ப மாட்டேன்.

அனுப்பலாமா, வேண்டாமா? தொலைபேசியில் அழைக்க வேண்டாம், நீங்கள் பெருந்தன்மையாகப் பேசி மழுப்பிவிடுவீர்கள். எழுத்தில் பதில் தாருங்கள்.