இன்னொருவன் பேரில் எழுதிய கோல்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவில்பட்டியில் வாரம் ஒருமுறை நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடிக்கும் அச்சகத்துக்காரர்தான் அதன் ஆசிரியர். ஊரே ஹாக்கி மட்டையோடு திரிந்ததால், கால்பந்தைப் பற்றி எழுத அவருக்கு ஆள் இல்லை. எனக்கு ஆட வராது, ஆட்டம் பார்க்கத் தெரியும். அதை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் தொடங்க ஒரு மாதம் இருக்கையில் அவர் கூப்பிட்டார்.

“தம்பி, இந்த வருசம் யார் யாரப் பாக்கணும்னு ஒரு அஞ்சு பேரப் பத்தி எழுதும். போட்டோவோட போட்டுருவோம்.”

இரண்டு வாரம் சாயங்காலம் தவறாமல் மைதானத்துக்குப் போனேன். முதல் பேரில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் கல்லூரி லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் முன்னேறி ஆடுபவன். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்துப் பையன், என்னைவிட ஒரு வருடம் இளையவன். வீட்டில் ஆடு மேய்ப்பும் கொஞ்சம் பருத்தியும். யாரோ சீனியர் விட்டுப்போன பூட்ஸுக்குள் துணியை அடைத்துக்கொண்டு ஆடுவான்.

ஒருநாள் டவுன் கிளப்போடு பயிற்சி ஆட்டம். முந்தின நாள் மழையில் கரிசல் ஊறி, காலை வைத்தால் எடுக்க விடாமல் பிடித்தது. வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. தரையில் விழுந்தால் சேற்றில் செத்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. விழ விடாமல், ஓடிவந்த வேகத்திலேயே இடது காலால் அடித்தான். பந்தோடு சேர்ந்து பூட்ஸும் கழன்று பறந்தது. பூட்ஸைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கோல்கீப்பர் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கைதட்டினான். மணியாச்சி ரயில்வே குடும்பத்துப் பையன், லேசில் யாரையும் பாராட்ட மாட்டான். எதிரணியின் வலையில் கிடந்த பந்தை அப்புறம்தான் மற்றவர்கள் பார்த்தார்கள்.

போட்டோ வாங்குவதற்காக என் பட்டியலை பி.டி. சாரிடம் கொண்டுபோனேன். அவர் முகம் சுளித்தார்.

“கேப்டன் பேரு எங்கல? ஜெர்சி, வலை எல்லாம் யாரு வாங்கிக் குடுத்தா? அவிய அப்பாதான? மொதல்ல அவன் பேரப் போடு. இந்த ஆட்டுக்காரப் பயல எடுத்துரு. போட்டோவுக்குப் பக்கத்துல நிக்க முடியல, ஆட்டு மொச்சை நாறுது.”

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேப்டன் வீட்டில் எனக்குச் சாப்பாடு. அப்பா தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி. கோழியும் ஆட்டுக்கறியும் இலையில் குவிந்தன. முழங்கை வரை எண்ணெய் வழிய அவர் எலும்பை உறிஞ்சியபடியே சொன்னார்: “நல்லா எழுதுதீங்களாமே. மெட்ராஸ்ல பெரிய பத்திரிகையில நமக்கு ஆள் இருக்கு, சொல்லி வைக்கேன்.” எனக்கு அது போதுமாக இருந்தது. இரண்டாம் தடவையும் கறி வாங்கிக்கொண்டேன்.

கைகழுவும்போது கேப்டனிடம், “இந்த வருசம் நீ அடிச்சதுலயே நல்ல கோல் எது?” என்று கேட்டேன். அவன் யோசித்துப் பார்த்தான். பாவம், நிஜமாகவே யோசித்தான். “ஞாபகம் இல்லண்ணே. நீங்களே நல்லதா ஒண்ணு எழுதிக்கிடுங்க.”

எழுதினேன். மழை, கரிசல், உயர்ந்து வந்த பந்து, இடது கால் எல்லாவற்றையும் அவன் பேரில் எழுதினேன். பூட்ஸ் பறந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

பத்திரிகை வந்தது. ஐந்து பேரில் கோல்கீப்பரும் ஒருவன். தன் படத்தோடு வந்திருந்த பக்கத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பல்கலைக்கழக அணிக்கான தேர்வு திருநெல்வேலியில் நடந்தது. மேசையில் உட்கார்ந்திருந்த இரண்டு தேர்வாளர்கள் முன்னால் என் கட்டுரையின் நறுக்கு. பி.டி. சார் கொண்டுவந்து வைத்திருந்தார். ஒருவர் அதைச் சத்தமாக வாசித்து, “எங்க, அந்த அடிய அடிச்சிக் காட்டு பாப்போம்” என்று கேப்டனை அழைத்தார். மூன்று பந்து போட்டார்கள். இரண்டைத் தொடவே இல்லை. மூன்றாவதற்குக் காலை வீசி மல்லாக்க விழுந்தான். தேர்வாளர்களும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பிறகு அவன் பேருக்கு நேராக டிக் போட்டார்கள்.

லெஃப்ட் அவுட்டைக் கடைசியில் இறக்கினார்கள். பத்தே நிமிடம், அதுவும் வலது பக்கத் தற்காப்பில், ரைட் பேக்காக. பந்து அவனிடம் இரண்டு முறை வந்தது. அவனை எடுக்கவில்லை. பம்பு செட் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கங்கைகொண்டான் தாண்டியதும் அவனே பேசினான்.

“அண்ணே, என்னைய எழுதலைன்னு எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. அது உங்க இஷ்டம். ஆனா அது என் கோலுல்லா? பூட்ஸ மட்டும் எனக்கு விட்டுட்டு மிச்சத்த அப்படியே தூக்கி அவனுக்குக் குடுத்திருக்கீங்க.”

“பி.டி. சார் சொன்னாரு...”

“அவரு சொன்னாரு. எழுதுனது யாரு?”

எழுந்துபோய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டான். பஸ்ஸில் பாதி இடம் காலி. கோவில்பட்டி வரை அவன் உட்காரவில்லை.

மறுநாள் ஒரு திருத்தம் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்குதீரா? பாதி அச்சுவேலை அவிய தீப்பெட்டிக் கம்பெனிதான் குடுக்கு.” அந்தத் திருத்தத்தை அப்படியே கையால் பெரிதாக எழுதிக் கல்லூரி விளையாட்டுப் பலகையில் ஒட்டினேன். அரைமணி நேரத்தில் பி.டி. சார் கிழித்தெறிந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே, பெரிய யோக்கியன் மாதிரி எழுதியிருக்க. அன்னைக்கு நான் சொன்னப்போ நீயும்தானல சிரிச்ச?”

அவரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்று நானும் சிரித்தது அதைவிட அருவருப்பாக இருந்தது.

லெஃப்ட் அவுட் அந்த வருடம் ஒரே ஒரு ஆட்டம் ஆடினான். பிறகு பூட்ஸையும் ஜெர்சியையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, படிப்பை மட்டும் முடித்துக்கொண்டு போனான். கேப்டனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. மெட்ராஸ் பத்திரிகையிலிருந்து எனக்கு யாரும் கடிதம் போடவில்லை. நானும் அதற்குப் பிறகு ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் மணியாச்சி ஸ்டேஷனில் அந்த லெஃப்ட் அவுட்டைப் பார்த்தேன். மனைவியும் கைக்குழந்தையும் கூட இருந்தார்கள். புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருப்பதாகச் சொன்னான். அவனைத் தனியே கூப்பிட்டு, அன்று செய்ததற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டான். மனைவியிடம் கூட்டிப்போய், “எங்க காலேஜ்ல படிச்சவரு. அப்பல்லாம் பத்திரிகையில ஃபுட்பால் பத்தி எழுதுவாரு” என்றான்.

அந்தப் பெண் முகம் மலர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இவியளப் பத்தியும் எழுதியிருக்கீங்களாண்ணே? நல்லா ஆடுவாகளாமே.”

நான் வாய் திறப்பதற்குள் அவன், “இல்ல” என்றான். திருச்செந்தூர் வண்டி வந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டான்.