இல்லாத பிரேக்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இரண்டு கார், ஒரு சின்ன ஆபீஸ், சுவர் முழுக்கப் போக்குவரத்துக் குறிகள். வண்டி பழக வருகிறவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'லாமா மாஸ்டர்' என்பார்கள். ஸ்டியரிங் கோணலாகப் போனால் மற்ற மாஸ்டர்கள் படக்கென்று கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். இவர் அப்படியில்லை. "ஸ்டியரிங்கைப் பிடிக்கலாமா? கியர்ல கை வைக்கலாமா?" என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் வண்டி நடைபாதையில் ஏறிவிடும் என்று என் மாமியார் கேலி செய்வார். ஏறியதில்லை. பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கால் தன் வேலையை முடித்துவிடும்.

எங்கள் சொந்த வண்டியில் அந்த இரண்டாவது பிரேக் கிடையாது. ஆனாலும் நான் ஓட்டினால், பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தரையை மிதித்துக்கொண்டே வருவார். கால்மிதி அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. "அங்க பிரேக் இல்லீங்க" என்பேன். "தெரியுது. கால் கேக்கணுமே" என்பார்.

இதையெல்லாம் சுபாவம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். கையில் ஒரு தலையணை உறையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். மாமியார் தேவாலயத்தோடு சேர்ந்த பள்ளியில் ஆயா வேலை பார்த்தார். அங்கே இருந்த ஃபாதர்தான் இவருக்குப் பீஸ் கட்டினார், செருப்பு வாங்கித் தந்தார், மீசை அரும்புவதற்கு முன்பே தேவாலயத்து ஜீப்பில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அந்த ஜீப்பிலும், பிறகு அவருடைய அறையிலும், அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது என் வீட்டுக்காரருடையது. அவர் எனக்குச் சொன்ன அளவு எனக்குப் போதும், ஜன்மத்துக்கும் போதும்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அந்த ஆளை இழுத்துக்கொண்டு வந்து நடுத்தெருவில் நிறுத்துகிறேன் என்று கத்தினேன். எங்கள் கல்யாணத்தை நடத்தி வைத்ததே அவர்தான். ஆல்பத்தின் முதல் படத்தில் எங்கள் இரண்டு பேர் தலையிலும் அவர் கை இருக்கிறது. அதைக் கிழிப்பதா, வைப்பதா? கிழித்தால் எங்களையும் சேர்த்தல்லவா கிழிக்க வேண்டும்?

"கத்தாத. அவர் மேல எனக்குப் பாசமும் இருந்துச்சு. அதுதான் எனக்குப் புரியல" என்றார்.

எனக்கும் புரியவில்லை. இன்றைக்கும் முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமைகளில் ஒரு கூட்டத்துக்குப் போகிறேன் என்றார். இப்படி ஃபாதர்மார்களால் சின்ன வயதில் பாதிக்கப்பட்டு, இப்போது வளர்ந்து குடும்பம் குட்டி என்று ஆனவர்கள் கூடிப் பேசுகிற இடம். வீட்டு ஆளையும் கூட்டிவரலாம் என்று ஒரு வாரம் சொன்னார்கள், நானும் போனேன். பல் ஆஸ்பத்திரிக்கு மேலே ஒரு மாடி அறை. கீழே பல்லைக் குடைகிற மெஷின் சத்தம், மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள். கூட்டத்தை நடத்துகிற அம்மா முன்பு கன்னியாஸ்திரீயாக இருந்து வெளியே வந்தவர். கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

அங்கே என் வீட்டுக்காரர் பேசினார். வீட்டில் உப்புக் குறைந்தால்கூடச் சொல்லாத மனுஷன்.

"கிளட்ச்சை விடும்போதெல்லாம் அவர் குரல்தான் காதுல கேக்குது. மெதுவா, மெதுவான்னு. அதையேதான் நானும் கத்துக்க வரவங்ககிட்ட சொல்றேன். அதை வெச்சுத்தான் சோறு சாப்பிடறேன். அதைத் தூக்கிப் போட்டுட்டா எனக்குன்னு என்ன மிச்சம் இருக்கு?"

எதிரே தலை நரைத்த ஒரு தையல்காரர் இருந்தார். "எனக்கு ஒருத்தர் பாட்டு சொல்லிக்குடுத்தாரு. நான் பாட்டையே விட்டுட்டேன். விட்டது சரியான்னு இப்பவும் தெரியல சார்" என்றார்.

அந்த அம்மா, "ரெண்டு பேரும் இன்னைக்கே முடிவு பண்ணணும்னு இல்ல" என்றார்.

இது என்ன பதில் என்று எனக்கு எரிச்சல். டாக்டரிடம் போனால் மருந்தாவது எழுதித் தருவார். ஆனால் இறங்கி வரும்போது இவர் படிக்கட்டில் லேசாக விசிலடித்துக்கொண்டு வந்தார். நான் குழம்பிப்போய்ப் பின்னாலேயே வந்தேன்.

அப்புறம்தான் அந்த அழைப்பு வந்தது. ஃபாதர் குருப்பட்டம் பெற்று ஐம்பது வருஷம் ஆகிறதாம், விழாவாம். அவர் வளர்த்துவிட்ட பிள்ளை மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். போனை எடுத்தது மாமியார். இவரைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டார். போர்த்துவதற்கு ஒரு சால்வையும் வாங்கிப் பார்சல் பண்ணி வைத்துவிட்டார்.

"இன்னைக்கு நீ சொந்தமா ஸ்கூல் வெச்சிருக்கேன்னா யாராலடா?" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது.

இவர் திங்கட்கிழமை போகிறேன் என்றார், புதன்கிழமை மாட்டேன் என்றார். வெள்ளிக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டார். போனால் என்ன பேசுவீர்கள் என்றால், தெரியல. போகாவிட்டால் அம்மாவிடம் என்ன சொல்வீர்கள் என்றால், அதுவும் தெரியல. அந்த மேடையில் நின்று அந்த ஆளைப் புகழ்ந்துவிட்டு வந்தால், மாடி அறையில் இத்தனை நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியதெல்லாம் கையை விட்டுப் போய்விடும் என்று எனக்குப் பயம். ஆனால் முடிவு அவருடையது என்று கூட்டத்தை நடத்துகிற அம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் வண்டியை ஓட்டினேன். இவர் பக்கத்தில், மாமியார் பின்னால், மடியில் பார்சல். தேவாலயம் இருக்கிற தெருவுக்குள் திரும்பினேன். முன்னால் வண்டி இல்லை, ஆள் இல்லை. இவர் கால் தரையை மிதித்தது. விட்டுவிட்டு மறுபடியும் மிதித்தது. பிறகு எடுக்கவே இல்லை.

வழக்கமாகச் சொல்கிற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. என் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"ஏம்மா, இன்னும் தூரம் இருக்கே" என்றார் மாமியார்.

இவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே அம்மாவிடம் அந்த விஷயத்தைச் சொன்னார். சின்னச் சின்ன வாக்கியமாக, வண்டி கற்றுக்கொடுக்கிற அதே குரலில்.

"நம்ம ஃபாதரா?"

"ஆமாம்மா."

"வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தாரேடா."

"அதுவும் நிஜம்தாம்மா."

மாமியார் கதவைத் திறந்து இறங்கினார். பார்சலை எடுத்துக்கொண்டு தேவாலயத்தை நோக்கி நடந்தே போய்விட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. பெற்ற பிள்ளை சொல்கிறான், இவருக்குச் சால்வை முக்கியமா?

"போகட்டும். எங்க போறதுன்னு அவங்களுக்குத் தெரியல" என்றார் இவர்.

தேவாலயத்து மைக்கில் இவரை அழைத்தது தெருவரைக்கும் கேட்டது. ஃபாதர் கைப்பிடித்து வளர்த்த பிள்ளை மேடைக்கு வரவும் என்று. இன்னொரு தடவையும் அழைத்தார்கள். இவர் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. பிறகு பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

மாமியார் திரும்பி வந்தார். பார்சல் கையிலேயே இருந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நாற்காலில உக்காந்திருந்தாரு. என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. நானும் சிரிச்சுட்டேன். எதுக்குச் சிரிச்சேன்னு தெரியல. பையன் எங்கன்னு கேட்டாரு. வரமாட்டான்னு சொன்னேன். ஏன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மாமியார் முன்னால் சாய்ந்து கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார். மகனை இத்தனை வருஷம் கேலி செய்த அதே வாய் கேட்டது:

"தம்பி, உன் கையைப் பிடிச்சுக்கலாமா?"

பிடித்துக்கொள்ளச் சொல்வார், இரண்டு பேரும் அழுவார்கள் என்று நினைத்தேன்.

"இப்ப வேண்டாம்மா" என்றார்.

என்ன மனுஷன் இவர் என்று எனக்குச் சுரீர் என்றது. ஆனால் மாமியார், "சரிப்பா" என்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோபம் இல்லை, ஏன் என்ற கேள்வி இல்லை. இவர் திரும்பித் தன் அம்மாவை நன்றாகப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லி, அது எடுபட்டதை நம்ப முடியாதவர் மாதிரி பார்த்தார்.

"போகலாமா?" என்று கேட்டேன்.

"ம், போகலாம்."

வண்டியைத் திருப்பினேன். வீடு வரும்வரை அந்தக் கால் எப்போது தரையை மிதிக்கும் என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.