வட்டமாக எழுதிய மனு

எங்கள் தாலுகாப் பெரிய மனிதர்களைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கும் ஆசைதான். முயன்று பார்த்தேன், பேனா நகரவில்லை. அவர்கள் கூடிப் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். வேறு எப்படி எழுத?

மகாராஜா காலம். திருவனந்தபுரத்துச் சபைக்கு எங்கள் தாலுகா அங்கத்தினர் வருஷம் ஒருமுறை போவார். திவான் முன்னால் எழுந்து நின்று ஊர்க்குறை சொல்லலாம். ஆனால் இரண்டே இரண்டு குறைதான். எது முதல், எது அடுத்தது என்று முடிவுகட்ட, போவதற்கு முன்னால் நாகர்கோவிலில் அங்கத்தினர் வீட்டு மாடியில் கூட்டம் நடக்கும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். கையெழுத்து மட்டும் கோர்த்த முத்தாக இருக்கும். அதனால் மனு எழுதக் கூப்பிட்டிருந்தார்கள்.

எனக்குச் சொந்தக் காரியமும் ஒன்று இருந்தது. இறந்துபோன அண்ணனின் மனைவி, என் மைனிக்கு, அஞ்சுகிராமம் பக்கம் கடைமடையில் கொஞ்சம் வயல். மேல்மடையில் மடைப்பலகை உடைந்து கிடந்ததால் தண்ணீரெல்லாம் அங்கேயே பாய்ந்துவிடும். கீழே சொட்டு வராது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்தின் இரண்டு போக நெல்லும் கருகிப் போயிற்று. இன்னொரு பூவும் போனால் வயலை விட்டுவிட்டுத் தோவாளையில் தம்பி வீட்டில் பூக்கட்டிப் பிழைக்க வேண்டியதுதான்.

“பூட்டு வச்ச பலகை ஒண்ணு போடச் சொல்லும் கொழுந்தனாரே. அடுத்தவ அடுப்பில தீ மூட்டுத வயசா எனக்கு?” என்றாள்.

கூட்டத்தில் ஆறு பேர். ஆளுக்கொரு குறை. அங்கத்தினருக்கு, தம்மைப் போன்ற கனவான்கள் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனால் உட்கார நாற்காலி வேண்டும். மேல்மடையில் வயல் முழுக்க வைத்திருந்தவருக்குத் தம் பங்களா வாசல் வரை சரல் கல் போட்ட ரோடு வேண்டும். ஜவுளிக்கடைக்காரருக்கு பஸ் அவர் கடை முன்னால் நிற்க வேண்டும். மற்ற மூன்று பேர் கேட்டவையும் இவற்றுக்கு இளைத்தவை அல்ல. கடைசியில் நான் மெல்ல மடைப்பலகையைச் சொன்னேன். உடைந்த பலகையால் விளைந்து கொழித்தவர் மேல்மடைக்காரர்தான். அவரே பெரிய மனது பண்ணினார்.

“எழுதும் வே, மை தீந்தா போவுது? நடுவில எங்கியாம் போடும்.”

நடுவில் என்றால் பத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

பிறகுதான் சண்டை. குறையை எழுதாமல் விட்டால்கூடப் பரவாயில்லை, இரண்டாவதாக எழுதக் கூடாது என்றார் ஜவுளிக்கடைக்காரர். சம்பந்தி வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவாராம். ஆளாளுக்கு நேரியலை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுவார்கள். மாடிப்படி வரைக்கும் போவார்கள். யாராவது கூப்பிடுகிறார்களா என்று அங்கே நின்று செருப்பைத் தேடுவார்கள். செருப்பு காலில்தான் கிடக்கும். காலையில் தொடங்கியது, சாப்பாட்டுக்கு இலை போட்டும் தீரவில்லை.

அப்போது அங்கத்தினரின் பார்வை வெற்றிலைத் தட்டில் விழுந்தது.

“வட்டமா எழுதும் வே. அப்போ முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது.”

மற்ற ஐந்து பேரும் அவரை ஏதோ வைரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நான் தட்டைக் காகிதத்தில் கவிழ்த்துச் சுற்றிக் கோடு போட்டேன். கோட்டை ஒட்டி, எழுத்தின் தலை வெளியே பார்க்க, ஏழு குறையையும் சுற்றிச் சுற்றி எழுதினேன். வீட்டுக்காரர் கேட்டது என்பதால் நாற்காலியை உச்சியில் தொடங்கினேன். அதை அடுத்து ரோடு. நடுவில் போடச் சொன்ன மடைப்பலகை அடியில் போய்த் தலைகீழாக விழுந்தது. நல்ல பிரதியை அவர் கொண்டுபோனார். முதலில் எழுதிப் பார்த்தது என்னிடமே இருந்தது.

சபையிலிருந்து திரும்பியதும் அங்கத்தினர் அதே மாடியில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார். முதலில் என்ன என்று திவான் கேட்டாராம். இவர் காகிதத்தைப் பார்த்தாராம். நேராக நின்றது நாற்காலி. அடுத்தது என்றாராம் திவான். பக்கத்தில் இருந்தது ரோடு. ஆயிற்று, உட்கார்ந்துவிட்டார்.

மடைப்பலகை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அது தலைகீழால்லா கெடந்துது. திவான் முன்னால நின்னு பேப்பரைத் திருப்பிட்டிருக்க முடியுமா? ஒரு மரியாதை வேண்டாமா வே?”

நாற்காலி வந்தது. சரலும் வந்து இறங்கியது. தண்ணீர் வரவில்லை. மைனியின் நாற்று ஒரு சாண் வளர்ந்து வைக்கோல் நிறமாயிற்று.

தோவாளைக்குப் போகும் வழியில் மைனி என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். பாயும் பாத்திரமும் ஒரு பரணி நார்த்தங்காய் ஊறுகாயும்தான் வண்டியில். எழுதினதைக் காட்டச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எங்க மடை எங்கே என்று கேட்டாள். அடியில் விரல் வைத்துக் காட்டி, அங்கத்தினர் சொன்ன காரணத்தையும் சொன்னேன்.

காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சுற்றினாள். மடைப்பலகை உச்சிக்கு வந்தது.

“இம்புட்டுதானே,” என்றாள். “இதுக்குக் கை வலிச்சிருமா அவருக்கு?”

ஊறுகாய்ப் பரணியின் மூடி வழியில் உடைந்துவிட்டதாம். காகிதத்தை அதன் வாயில் கவிழ்த்து, மடக்கி, வாழைநாரால் இறுக்கிக் கட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். வெற்றிலைத் தட்டு அளவு வட்டம், பரணி வாய்க்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. ஆறு பேர் ஒரு பகல் முழுக்கக் கூடியதில் ஒருத்திக்கு உபயோகப்பட்டது அவ்வளவுதான்.