கடற்காற்றும் மாமனாரின் பல்செட்டும்

அந்தத் தெருவில் அவரைப் பல்செட்டுக்காரர் என்றால்தான் தெரியும். பல் டாக்டர் என்று யாராவது மரியாதை கொடுத்தால் உடனே திருத்திவிடுவார். டாக்டர்கள் வாயைப் பார்க்கிறவர்கள். இவர் வாயைப் பார்க்காமலேயே வேலை செய்கிறவர். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் அவருடைய பட்டறை. ஊரிலுள்ள கிளினிக்குகளிலிருந்து பொக்கை வாய்களின் பிளாஸ்டர் அச்சுகள் அங்கே வந்து சேரும். அச்சின் மேல் மெழுகு வைத்து, பல்லை அடுக்கி, ரோஸ் நிறத்தில் ஈறு வார்த்து, அரத்தால் தேய்த்து மெருகேற்றி அனுப்பிவிடுவார். அது யாருடைய வாய்க்குப் போகிறது, அதைப் போட்டுக்கொண்டு எதைக் கடிக்கிறார்கள், யாரைக் கடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அலமாரி முழுக்க அச்சுகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டிய இந்த மனிதருக்கு எட்டாத வாய் ஒன்று இருந்தது. அது அவருடைய மாமனாரின் வாய்.

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போனாலும் பார்வை மட்டும் ஓய்வு பெறவில்லை. எதிரே யார் வந்தாலும் டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார். பெண் கேட்டு வந்த அன்றைக்குப் பல்செட்டுக்காரரையும் அப்படித்தான் பார்த்தார். மனைவியும் மகளும் ஒற்றைக்காலில் நின்றதால் பெண்ணைக் கொடுத்தார். ஆனால் மருமகனிடமிருந்து ஒரு முழம் தள்ளியே இருந்தார். “வாங்க, சாப்பிட்டீங்களா, போய்ட்டு வாங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டில் எல்லாரும் அவரைச் செக்கர் என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாமல்.

அவருக்குப் பல் ஒவ்வொன்றாக விழுந்து வாய் காலியானபோது மருமகன் சந்தோஷப்பட்டார் என்று சொன்னால் பாவம் சேரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், சந்தோஷப்பட்டார்.

“மாமா, ஒரு தடவை பட்டறைக்கு வாங்க. நானே பாத்து செஞ்சு தர்றேன்.”

செக்கர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இருக்கட்டும், இருக்கட்டும்” என்றார். பொக்கை வாயை மருமகனிடம் திறந்து காட்டிவிட்டு, அப்புறம் எந்த முகத்தோடு அவர் எதிரில் மாமனாராக உட்காருவது? வெளியூரிலிருந்த மகன் லீவில் வந்து, பெரிய கிளினிக் ஒன்றுக்கு அழைத்துப் போய் ஆசையாகப் பல் கட்டிவிட்டுப் போனான். அவன் போனில் கேட்கும்போதெல்லாம், “ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்குடா” என்பார். போனை வைத்துவிட்டு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுவார். கீழ்ப்பல்செட் இடது பக்கம் அழுத்துகிறது என்பது எதிரே உட்கார்ந்து பார்த்த மருமகனுக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று. வலிக்கிறது என்று அந்த மனிதர் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்பதுதான் அவருடைய ஏக்கம். வேறு எதையும் அவர் மாமனாரிடம் எதிர்பார்க்கவில்லை.

வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார்கள். கடலோரமாக மரப்பலகை அடித்த நீளமான நடைபாதை. பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தால் மணலும், அலை வரும்போது தண்ணீரும் தெரியும். ஐஸ்கிரீம் வண்டி, எடை பார்க்கும் இயந்திரம், துருப்பிடித்த கம்பி வேலி, வரிசையாக பெஞ்சுகள். செக்கர் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தார். “ஒரு நிமிஷம் கண்ணை மூடறேன்” என்று அந்தப் பக்கம் திரும்பி, பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மறு நிமிடம் குறட்டை.

தூக்கத்தில் சாய்ந்தபோது கைக்குட்டைப் பொட்டலம் பையிலிருந்து நழுவி மருமகனின் மடியில் விழுந்தது.

அவர் பிரித்துப் பார்த்தார். கீழ்ப்பல்செட்டின் இடது ஓரத்தில் ஒரு மேடு. அவருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. பல்செட்டுக்காரரின் கையில் சரியில்லாத பல்செட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இரு என்றால் இருப்பாரா? மனைவியின் கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் அரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

“ஐயோ, அப்பா முழிச்சுக்குவாரு! என்ன பண்றீங்க?” என்று மனைவி பதறினாள்.

மாமியார்தான் மகளை அடக்கினார். “நீ சும்மா இருடி. நாப்பது வருஷமா இவருக்கு நடந்த நல்லதெல்லாம் இவருக்குத் தெரியாம நடந்ததுதான். மாப்ள, நீங்க பாருங்க. அவர் அசைஞ்சா நான் இருமறேன்.”

தேய்த்ததைத் துடைத்து, சுற்றி, பையில் வைத்தாயிற்று. செக்கர் எழுந்து பல்லை மாட்டினார். நாக்கால் இடது பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். நெற்றி சுருங்கியது, விரிந்தது. வீடு திரும்பும் வழியில், யாரும் எதிர்பாராத விதமாக, வறுத்த கடலை வாங்கச் சொன்னார்.

“கடல் காத்துல ஒரு சக்தி இருக்கு. அது பட்டா உடம்புக்கு நல்லது” என்று மென்றுகொண்டே அறிவித்தார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பேரைக் கடற்காற்று தட்டிக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து பிடித்தது சனியன்.

வாய் என்பது ஒரே நாளில் சரியாகிற சங்கதி இல்லை. ஒரு இடத்தை இறக்கினால் இன்னொரு இடம் உறுத்தும். உறுத்த ஆரம்பித்ததும் செக்கர், “காத்து வாங்கி ரொம்ப நாளாச்சே” என்பார். அவ்வளவுதான், எல்லாரும் கிளம்ப வேண்டும். காற்றுக் காலத்தில் மணல் பறந்து கண்ணை மறைத்தது. பாதி பேர் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, இவர் பெஞ்சில் கால் நீட்டித் தூங்கினார். மருமகன் எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் குந்தியபடி தேய்த்தார். இப்போது நகம் தேய்க்கிற அரம் இல்லை, பட்டறையிலிருந்து சின்ன அரமும் உப்புத்தாளும் கூடவே வந்தன.

மழைக்காலத்தில் இன்னும் மோசம். கடைகளுக்கெல்லாம் தார்ப்பாய் போர்த்திவிட்டார்கள். நடைபாதையில் ஒரு ஈ காக்கை இல்லை. கூரை போட்ட பெஞ்சில் செக்கர் ரெயின்கோட்டோடு தூங்க, கொட்டுகிற மழையில் மனைவி குடை பிடிக்க, பல்செட்டுக்காரர் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். சந்தேகப்பட்டு அருகில் வந்தான் காவலாளி.

“என்ன சார் பண்றீங்க இங்க?”

“பல்லு தேய்க்கிறேன்” என்றார் இவர், உள்ளதை உள்ளபடி.

காவலாளி குடைக்குள் எட்டிப் பார்த்தான். பல்லைப் பார்த்தான், அரத்தைப் பார்த்தான். பிறகு வந்த வழியே வேகமாக நடந்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் கடல் பிடிக்காது. மனைவிக்கு உப்புக்காற்றில் தலைமுடி கயிறாகிவிடும். மாமியாருக்குப் பலகை இடுக்கில் தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும். பல்செட்டுக்காரருக்கு வாரத்தில் கிடைப்பதே அந்த ஒரு ஞாயிறுதான்.

“உண்மையைச் சொல்லிடலாமா?” என்று ஒரு முறை மனைவியிடம் கேட்டார்.

“சொன்னா அப்பா அவமானத்துல பல்லையே கழட்டி வச்சிடுவாரு. அப்புறம் பாலும் ரொட்டியும்தான். பேசாம இருங்க.”

அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஆனால் செக்கர் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் கடற்காற்றின் மகிமையைப் பேசும்போது அவருக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லவில்லை, காற்றின் மேலேயே பொறாமை.

குளிர்காலத்தில்தான் அது நடந்தது. கடல் நன்றாக ஏறி, பலகைக்கு அடியில் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. குளிரில் பல்செட்டுக்காரரின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. கீழ்ப்பல்செட்டைத் திருப்பிப் பிடிக்கப் போனார். அது வழுக்கியது, பலகையில் ஒரு தரம் துள்ளியது, மழையில் உளுத்துப்போன ஓர் ஓட்டை வழியாக உள்ளே போயிற்று. தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

கணவனும் மனைவியும் பலகையில் குப்புறப் படுத்து இடுக்கில் கண்ணை வைத்தார்கள். நுரை வந்தது, போயிற்று. மாமியார் பயத்தில், மிச்சமிருந்த மேல்பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கணவரின் பையில் திணித்தார். திணித்த வேகத்தில் அவர் விழித்துக்கொண்டார். எச்சரிக்கை இருமல் அதற்கப்புறம்தான் வந்தது.

செக்கர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒன்றுதான் இருந்தது. பையைத் துழாவினார், பெஞ்சுக்கு அடியில் பார்த்தார், எழுந்து தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தடவினார். பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“நான்தான் எங்கயோ விட்டுட்டேன்” என்றார். “போன மாசம் குடையை விட்டேன். அதுக்கு முன்னாடி கண்ணாடி. மறதி வந்துடுச்சு எனக்கு.” மேல்பல்செட்டைப் பையில் போட்டபடி, “பையன்கிட்ட சொல்லிடாதீங்க. ஆசையா வாங்கிக் குடுத்தான்” என்றார்.

பஸ் முழுக்க அதட்டிய குரல் அது. இப்போது காற்றில் பாதி கேட்கவில்லை. மனைவி கணவனின் கையைக் கிள்ளினாள், சொல்லாதே என்று. சொல்லாவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். கிழவர் தனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நம்பிக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளுவார். பல்செட்டுக்காரரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“நீங்க தொலைக்கல மாமா. நான்தான் தண்ணில போட்டுட்டேன்.”

வெயில் காலத்திலிருந்து நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். செக்கர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“மழையிலயுமா?”

“மழையிலயும்தான்.”

“அப்போ காத்து?”

“காத்துக்கும் பல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல மாமா.”

செக்கர் மனைவியைப் பார்த்தார். மாமியார் கடலைப் பார்த்தார். அவ்வளவுதான், வெடித்துவிட்டார்.

“என் வாய்ப் பல்லை எடுத்து என் முதுகுக்குப் பின்னாடி தேய்ச்சியா நீ? டிக்கெட் இல்லாம ஒருத்தன் ஏறிட முடியுமாடா என் வண்டில? என் பைக்குள்ளயே கைவிட்டிருக்கே! எனக்குக் கடலே புடிக்காது, தெரியுமா? உப்பு, ஈரம், முதுகு வலி! பல்லுக்காக வந்தேன்யா, பல்லுக்காக!”

கல்யாணமான நாளிலிருந்து காத்த மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. கைக்குட்டை எப்போதோ கீழே விழுந்திருந்தது. பொக்கை வாய் முழுசாகத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. பல்செட்டுக்காரரின் காதில் திட்டு எதுவும் ஏறவில்லை. அவர் கண் அந்த வாய்க்குள் போயிருந்தது. கீழ் ஈறில், இடது பக்க உள்ஓரத்தில், எலும்பு ஒரு பயறு அளவுக்குப் புடைத்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் திரும்பத் திரும்ப ஏன் உறுத்தியது என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

“மாமா, அப்படியே இருங்க! மூடாதீங்க, மூடாதீங்க!”

திட்டிக்கொண்டிருந்தவர் திகைத்துப்போய் அப்படியே நின்றார். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் உட்பட நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மருமகன் எட்டி, குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து முடிக்கிற வரையில் செக்கர் வாயை மூடவில்லை. மூட மறந்தாரா, மூட மனமில்லையா என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

மறுநாள் பட்டறைக்கு வந்தார். அச்செடுக்கக் கிளினிக் டாக்டர் ஒருவரையும் மருமகன் வரவழைத்திருந்தார். பத்து நாளில் புதுப் பல்செட் தயாராயிற்று. செக்கர் போட்டுப் பார்த்தார், கண்ணாடியில் பார்த்தார். “ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு” என்றார்.

பல்செட்டுக்காரருக்கு நெஞ்சில் யாரோ குத்தியதுபோல் இருந்தது. புதுப் பல்செட் எங்கேயாவது உறுத்தாமல் இருக்காது. தேவலோகத்தில் செய்தாலும் உறுத்தும். ஒரு வாரம் காத்திருந்தார், இரண்டு வாரம் காத்திருந்தார். எப்போது கேட்டாலும் “நல்லா இருக்கு” என்ற அதே பதில். மகனிடம் போனில் சொன்ன அதே குரல். சாப்பாட்டு மேஜையில் பழையபடி வாங்க போங்க வேறு திரும்பியிருந்தது.

“அவ்வளவுதான். நான் மறுபடியும் வேத்து ஆளு” என்று மனைவியிடம் சொன்னார்.

மறுபடி வெயில் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமலேயே மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பழக்கதோஷம். கடல் பிடிக்காத நாலு பேரும் கடலுக்குப் போனார்கள். அதே பெஞ்ச். செக்கர் தூங்கவில்லை. நாக்கு கன்னத்துக்குள் வலது பக்கம் போய்ப் போய் வந்தது. மருமகன் பார்க்காததுபோல் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிக்குதுய்யா!” என்று திடீரென்று ஒரு சத்தம்.

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். செக்கர் பல்செட்டைக் கழற்றி, யாருக்கும் மறைக்காமல், மருமகனின் உள்ளங்கையில் வைத்தார்.

“ரெண்டு மாசமா வலிக்குது. என்னத்தைச் செஞ்சு வச்சிருக்கே நீ?”

“ரெண்டு மாசமா? ஏன் மாமா சொல்லல?”

“சொன்னா நீ வருத்தப்படுவேன்னு உன் மாமியார் வாயை அடைச்சிட்டா. பையன்கிட்டதான் சொல்ல முடியாது, அவன் தூரத்துல இருக்கான், அவனுக்கு மனசு கஷ்டமாயிடும். கூடவே இருக்கற உன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா நான் யார்கிட்டய்யா போய்ச் சொல்றது?”

பல்செட்டுக்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எந்த இடம் மாமா?” என்று மட்டும் கேட்டார்.

போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, செக்கர் வாயை அகலத் திறந்தார். மருமகனின் விரலைப் பிடித்து, வலிக்கிற இடத்தில் தானே கொண்டுபோய் வைத்தார்.