எங்கள் டாபர்மேன்களின் இதயம்

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி, "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்பதுதான். ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்று தெரிந்துவிட்டால் பங்காளி முறையாகிவிடும். காபியைக் குடித்துவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். இவ்வளவு விவரமான ஆட்கள், நாய் வளர்க்க வந்ததும் அண்ணனுக்கும் தங்கைக்கும் தேடிப் பிடித்து ஜோடி சேர்ப்பார்கள். கேட்டால், 'லைன்', அதாவது வம்ச சுத்தம், கெட்டுவிடக் கூடாதாம்.

இந்த லைனின் லட்சணம் எனக்குத் தெரிந்தது என் டாபர்மேனால். கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டு கேட்டருகே, பால்காரரைப் பார்த்துக் குரைக்க எழுந்தவள் அப்படியே சரிந்து உயிரை விட்டாள். ஆறு வயசுகூட ஆகவில்லை. அறுத்துப் பார்த்த டாக்டர், இதயம் வீங்கியிருக்கிறது, இது வம்சத்தில் வருவது என்றார். கூடப்பிறந்தவை இருந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை கொடுத்துச் சில காலம் காப்பாற்றலாம் என்றார். அழுதுகொண்டே அதை அப்படியே எங்கள் டாபர்மேன் வாட்ஸப் குழுவில் எழுதினேன்.

கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. அழும் முகங்கள், வாடிய ரோஜா, ஆத்மா சாந்தியடையட்டும். ஸ்கேன் எங்கே எடுப்பது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குக் குட்டி கொடுத்த போத்தனூர்க்காரர் மட்டும் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க அக்கா, குட்டி வாங்கறவங்க நாலு பேரு பாக்கற எடத்துல அப்படி எழுதிப்போட்டீங்களே? வெயில் தாங்கலைன்னு மாத்திப் போட்டுருங்க."

"இது மார்கழிங்க."

"இப்பெல்லாம் மார்கழியிலயும் வெயில்தானுங்களே," என்றார் சளைக்காமல்.

அதற்கப்புறம் தனித்தனியாகச் சேதி வர ஆரம்பித்தது. எங்களதும் இப்படித்தான் விழுந்துச்சுங்க, வெயில்னு சொல்லீட்டோமுங்க, வெளிய சொல்லீறாதீங்க. குழுவில் எல்லா நாயும் திடகாத்திரம். தனிச் சேதியில்தான் வரிசையாகச் சாவு. எரிச்சலில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். புதுப் போன் என்பதால் விட்டேன்.

என்னுடையவளோடு பிறந்த ஒருவன் மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு வியாபாரியிடம் இருந்தான். அவனையாவது காப்பாற்றலாம் என்று பஸ் ஏறினேன். நான் உட்கார்ந்ததும் வந்து மடியில் தலையை வைத்தான். அதே பழுப்புப் புருவம்.

"இவனுக்கு ஸ்கேன் எடுத்துப்போடுங்க தம்பி."

"எடுக்கலாமுங்க அக்கா. எடுத்தா, ஏதாச்சும் இருந்தாத் தெரிஞ்சுபோகுமுங்களே."

"தெரியறதுக்குத்தான எடுக்கறது!"

அடுத்த மாசம் அவனை ஜோடி சேர்க்கப் பேசி முடித்திருந்தாராம். பெண், போத்தனூரில் இருக்கும் இன்னொரு தங்கை. கத்திவிட்டேன். அவர் மனைவி இரண்டாவது காபி கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஊரில் கோபத்துக்கு அதுதான் வைத்தியம்.

"இவன் செத்துருவான் தம்பி," என்றதும்தான் அவர் முகம் மாறியது. அந்த நாய்மேல் அவருக்கு உயிர். யாருக்கும் தெரியாமல் பாலக்காட்டுக்குக் காரில் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார். இதயம் வீங்கத் தொடங்கியிருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். "உங்களாலதானுங்க அக்கா எம் பையன் பொழைச்சான்," என்று போனில் அழுதார். நானும் அழுதேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

சில மாதங்கள் கழித்து, பேசி முடித்திருந்த அதே ஜோடிக்குப் பிறந்த குட்டிகளின் படத்தை அவர் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: 'அப்பாவுக்கு ஹார்ட் ஸ்கேன் எடுத்தாச்சு.' அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கைதட்டல் பறந்தது. வளர்த்தா இப்படிப் பொறுப்பா வளக்கோணும் என்று போத்தனூர்க்காரர் பாராட்டினார். குட்டிகள் எல்லாம் அந்த வாரமே விற்றுப்போய்விட்டன.

எல்லாம் இல்லை. ஒன்றைக் கூடையில் வைத்து, அவரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்காக எடுத்து வைத்ததாம், நன்றிக்கு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அது என் விரலைச் சப்ப ஆரம்பித்துவிட்டது.

"ரெண்டு வயசானதும் ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க அக்கா," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வருசா வருசம் எடுக்கோணுமுங்க. உட்டுறாதீங்க."

"மத்த குட்டி வாங்கினவங்ககிட்டயும் இதைச் சொன்னீங்களா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, ஆசையாக் குட்டி வாங்கீட்டுப் போறவங்ககிட்டப் போயி அதை எப்படீங்க சொல்றது?"